ஃபிளாஸ்க்கில் வெந்நீர், கையில் குழந்தை

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறி ஊட்டிக்குப் போனவர்களுக்கு அந்தக் காது அடைப்பு நன்றாகத் தெரியும். பர்லியாறு தாண்டிக் குன்னூர் நெருங்கும்போது காது கும்மென்று அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறக்கும். விமானத்திலும் இதேதான் நடக்கிறது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்கு வைக்கப்படுகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், அதாவது 7,350 அடி. ஆக, விமானத்துக்குள் இருக்கும் குழந்தை ஏறக்குறைய ஊட்டியில்தான் இருக்கிறது. பஸ் இரண்டு மூன்று மணி நேரம் எடுத்து ஏறும் உயரத்தை விமானம் அரை மணி நேரத்துக்குள் ஏறுகிறது, இறங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கைக்குழந்தையிடம் எச்சில் விழுங்கச் சொல்ல முடியாது. பால் குடித்தால் அது தானாக விழுங்கும், காதும் திறக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தப் பால் எந்த நேரமும் தயார். பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும், அது சூடாக வேண்டும், சுத்தமான பாட்டில் வேண்டும், கலக்க நேரம் வேண்டும், ஆற வைக்கவும் நேரம் வேண்டும். இத்தனையையும் இருக்கை பெல்ட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு செய்ய வேண்டும்.

கொங்கு நாட்டில் இந்தப் பயணம் எல்லா வீட்டுக்கும் பொதுவாகிவிட்டது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்து அவளையும் குழந்தையையும் புருஷன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வீடு முன்பு அன்னூரிலோ அவிநாசியிலோ இருந்தது. இப்போது பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் ஷார்ஜாவிலும் இருக்கிறது. 1930-இல் அவிநாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும், பின்னால் வந்த லட்சுமி மெஷின் வொர்க்ஸும் வளர்த்த ஊர் பெரியநாயக்கன்பாளையம். இங்கே படித்தவர்களும் தொழில் பழகியவர்களும் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். 2012-இல் கோவையின் பீளமேடு விமான நிலையத்துக்குச் சர்வதேச நிலையம் என்ற தகுதி கிடைத்தது. இன்று அங்கிருந்தே சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் நேரடியாகப் பறக்கலாம்.

அப்படி அனுப்பப்படும் குழந்தைகளில் பலவும் முழுக்கவோ பாதியோ பவுடர் பாலில் வளர்பவை. குறைமாதத்தில் பிறந்தது, இரட்டைக் குழந்தை, தாய்க்கு உடம்பு சரியில்லை, பால் போதவில்லை, தத்தெடுத்த பிள்ளை என்று காரணங்கள் பல. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்ற மருத்துவ அறிவுரையில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அது முடியாமல் போன வீட்டில், வந்துபோகும் உறவுக்காரர்கள் எல்லோரும் “ஏங்கண்ணு, பாலு பத்தலையா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார்கள். பவுடரை எப்படிக் கலப்பது என்று அவளுக்குச் சொல்லித்தர மட்டும் யாரும் வருவதில்லை. விமானப் பயணத்தில் அந்தக் குறை பெரிதாகிவிடுகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டின்னில் இருக்கும் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல என்பது. எவ்வளவு நல்ல கம்பெனி தயாரித்தாலும் பவுடரை முழுக்கக் கிருமியற்றதாக்க முடியவில்லை. குரோனோபாக்டர் என்ற நுண்ணுயிர் உலர்ந்த பவுடரில் நெடுநாள் உயிரோடு இருக்கும். அபூர்வமாகத்தான் நோய் வரும், வந்தால் பச்சிளம் குழந்தையின் மூளைவரை பாதிக்கும். 2022-இல் அமெரிக்காவில் இந்தக் கிருமி குறித்த சந்தேகத்தால் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த பெரிய பால்பவுடர் ஆலை ஒன்று மூடப்பட்டது. நாடு முழுக்கக் கடை அலமாரிகள் காலியாகின. கடைசியில் அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் இருந்து ராணுவ விமானத்தில் குழந்தைப் பால்பவுடர் ஏற்றி வரவேண்டியதாயிற்று.

இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எளிமையானது. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். சூடு 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதற்குள் பவுடரைக் கலக்க வேண்டும். பிறகு பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆற்றிக் கொடுக்க வேண்டும். கலந்த பாலை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

நம் வீடுகளில் பழக்கம் வேறாக இருக்கிறது. காலையில் காய்ச்சி ஆறிய தண்ணீரை வெதுவெதுப்பாக்கி அதில் கலக்கிறார்கள். பல டின்களின் மேலேயே வெதுவெதுப்பான தண்ணீர் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் எதைப் பின்பற்றுவது? இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதக் குழந்தை, நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தை என்றால் 70 டிகிரி வழியே பாதுகாப்பானது. மற்றவர்கள் பயணத்துக்கு முன்னால் குழந்தை நல மருத்துவரிடம் டின்னையே எடுத்துப்போய்க் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. பயணத்தில் பாட்டிலும் கையும் வீட்டில் இருப்பது போல் சுத்தமாக இருக்காது என்பதால், சூடான தண்ணீர் பக்கமே நான் நிற்பேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் சித்திரை வெயிலில் கார் போகிறது. அந்தக் காரில் கலந்து வைத்த பால் பாட்டில் இருக்கிறது. கிருமி பெருக அதைவிடத் தோதான இடம் கிடையாது. எனவே வீட்டிலேயே கலந்து எடுத்துப் போவதை அடியோடு விட்டுவிட வேண்டும். பவுடர் தனியே, வெந்நீர் தனியே போகட்டும்; குடிக்கும் நேரத்தில் சேரட்டும்.

எத்தனை வேளைக்கு எடுத்துப் போவது என்ற கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூர் நாலரை மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கும். குழந்தையின் வயிற்றுக்கு அந்தக் கணக்கு உதவாது. வீட்டை விட்டுக் கிளம்பித் துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகப் பீளமேடு போக ஒரு மணி நேரம் வேண்டும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். இறங்கிய பிறகு குடியேற்றச் சோதனை, பெட்டி, வீடு என்று இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மொத்தம் பத்து மணி நேரம். ஐந்து மாதக் குழந்தைக்கு அது மூன்று அல்லது நான்கு வேளைப் பால். விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று நினைத்து மேலும் இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வேளைக்கும் வேண்டிய பவுடரை ஸ்கூப் கணக்கில் அளந்து, ஈரமில்லாத சின்ன டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் கிடைக்கும் பல டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப் என்று இருக்கும். உங்கள் டின்னில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. தண்ணீரை முதலில் ஊற்றி அளந்து, பிறகு பவுடரைப் போட வேண்டும். நீர்த்தாலும் கெடுதல், கெட்டியானாலும் கெடுதல். வேளைக்கு ஒன்றாகக் கொதிக்க வைத்துக் காய்ந்த பாட்டில்களை நிப்பிளோடு மூடி எடுத்துப் போங்கள். விமானக் கழிவறைக் குழாயில் வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததல்ல, அதில் பாட்டில் கழுவக் கூடாது. பிரித்த டின்னும் கைப்பையிலேயே வரட்டும். சரக்குப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால், புது ஊரில் அதே பவுடர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

சங்கில், பாலாடையில் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கழுவுவது சுலபம், பாட்டிலைவிடச் சுத்தம் என்பதால் குழந்தை நல மருத்துவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் தாராளமாகப் பாலாடையில் கொடுக்கலாம். குலுங்கும் விமானத்தில் மட்டும் அது சரிப்படாது, அங்கே பாட்டில்தான்.

பாதுகாப்புச் சோதனையை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. 2006 ஆகஸ்டில், குளிர்பானப் பாட்டில்களில் திரவ வெடிபொருள் கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கும் சதியை லண்டன் போலீஸ் கண்டுபிடித்தது. அதன் பிறகுதான் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி உலகெங்கும் வந்தது. மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் அப்போதே விலக்கு கொடுத்தார்கள். இந்தியாவிலும் பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தை உணவைக் கொண்டுபோகலாம். அமெரிக்கா 2018-இல் பவுடர்களுக்குக் கொண்டுவந்த 350 மில்லி கட்டுப்பாட்டிலும் குழந்தைப் பால்பவுடருக்கு விலக்கு உண்டு. பவுடர், ஃபிளாஸ்க், பாட்டில் மூன்றையும் தனிப் பையில் வைத்து, வரிசையில் நிற்கும்போதே “குழந்தைக்குப் பால் கலக்கற வெந்நீருங்க” என்று சி.ஐ.எஸ்.எஃப். காவலரிடம் சொல்லிவிடுங்கள். திறந்து காட்டச் சொன்னால் காட்டிவிட்டுப் போகலாம். மருத்துவரின் சீட்டு கட்டாயம் இல்லை, இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஆனாலும் சில இடங்களில் தாய்மார் படும் பாடு வேதனையாக இருக்கிறது. 2017 ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில், தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பை வைத்திருந்த சிங்கப்பூர்த் தாய் ஒருவர், உடன் குழந்தை இல்லை என்பதற்காகச் சந்தேகிக்கப்பட்டார். தனக்குப் பால் சுரக்கிறது என்று காவலர் முன்னால் நிரூபித்துக் காட்ட வைக்கப்பட்டதாக அவர் புகார் சொன்னார். தாய்ப்பாலோ டின் பாலோ, பிள்ளைக்குப் பால் கொண்டுபோகும் பெண்ணை எந்த நாடும் இப்படி நடத்தக் கூடாது.

விமானத்துக்குள் முக்கியமானது இறங்கும் நேரம். ஏறும்போதைவிட இறங்கும்போதே காது அதிகம் வலிக்கும். தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும். பெல்ட் விளக்கு எரிந்த பிறகு பணிப்பெண்கள் வெந்நீர் தர மாட்டார்கள், தருவது ஆபத்தும்கூட. ஆகவே முக்கால் மணி நேரம் முன்னதாகவே வெந்நீர் வாங்கிக் கலந்து, ஐஸ் தண்ணீர் உள்ள கப்பில் பாட்டிலை நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். தாழத் தொடங்கியதும் கொடுங்கள். பச்சைத் தண்ணீர் சேர்க்காமல் நல்ல சூடாகவே தரும்படி கேளுங்கள். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். 70 டிகிரிக்கு அது தாராளம், கை கால் வெந்துபோகவும் அது போதும். கோவையிலிருந்து போகும் விமானங்கள் ஒற்றை நடைபாதை கொண்ட சிறிய ரகம். தொட்டில் இருக்காது, குழந்தை மடியில்தான். அந்த மடிக்கு மேலே வெந்நீர் வாங்கக் கூடாது. பக்கத்தில் உள்ளவர் வாங்கிக் கலக்கட்டும். தனியாகப் போகும் தாய் என்றால் பணிப்பெண்ணையே கலந்து தரச் சொல்லலாம். வாய் வைத்து மீந்த பாலை அடுத்த வேளைக்கு என்று வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஃபிளாஸ்க் எத்தனை மணி நேரம் 70 டிகிரியைத் தாங்கும் என்பதைக் கிளம்புவதற்கு முன்தினமே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. சாதாரண ஃபிளாஸ்க் பத்து மணி நேரம் தாங்கும் என்று நம்பக் கூடாது. நடுவில் எங்காவது புதுச் சுடுதண்ணீர் வாங்கித்தான் ஆக வேண்டும். கடையில் விற்கும் பாட்டில் தண்ணீரும் கிருமியற்றது அல்ல. அதையும் கொதிக்க வைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் ஏன் தாய்மாருக்குத் தெரியவில்லை என்பதற்கு ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும். 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டம், குழந்தைப் பால்பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரி கொடுப்பதையும், டின்னில் குழந்தைப் படம் போடுவதையும் தடுக்கிறது. கம்பெனிகள் ஏழை நாடுகளில் தாய்ப்பாலை ஓரங்கட்டிப் பவுடரைத் திணித்ததற்கு எதிராக எழுந்த நல்ல சட்டம் அது; கடுமையாக நிற்கத்தான் வேண்டும். ஆனால் அது தடுப்பது வியாபாரத்தை. பவுடர் தவிர வழியில்லாத தாய்க்குக் கலக்கும் முறையைச் சொல்லித்தருவதை அல்ல. அந்தச் சட்டத்துக்கு முன்னோடியான 1981-ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறையே, தேவைப்படும் தாய்க்கு மருத்துவப் பணியாளர் செய்து காட்ட வேண்டும், தவறாகக் கலந்தால் வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும் என்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் பவுடரைப் பற்றிப் பேசுவதே தவறு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பெண் மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுக்கொள்கிறாள்.

தமிழ்நாடு 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்து நாட்டுக்கு வழிகாட்டியது. அந்த அறைகளுக்கு உள்ளேயே ஒரு கொதிநீர்க் குழாயும், பாட்டில் கழுவ ஒரு தொட்டியும் சேர்ந்தால் எல்லாக் குழந்தைக்கும் அது பொதுவாகும். பீளமேடு விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனை தாண்டிய காத்திருப்புக் கூடத்தில், இரவிலும் இயங்கும் அப்படியொரு கொதிநீர்க் குழாயை நிர்வாகம் வைக்க வேண்டும். பெரியநாயக்கன்பாளையம் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களும் குழந்தை நல மருத்துவர்களும், தடுப்பூசி போட வரும் தாயிடம் “ஊருக்குப் போறீங்களா? பவுடர் எப்படிக் கலக்கறீங்க?” என்று கேட்டு, ஒரு முறை செய்து காட்டி அனுப்ப வேண்டும்.

அடுத்த வாரம் மகளையும் பேரனையும் விமானம் ஏற்றப்போகும் அமுச்சிகள் இன்றைக்கே ஒரு ஃபிளாஸ்க்கில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, நாலு மணி நேரம் கழித்துச் சூடு பார்த்துவிடுங்கள்.