ஜெயில் கக்கூசில் கியாஸ்! கைதிகள் கட்டிய அதிசயத் தொட்டி

மலம் என்றாலே மூக்கைப் பொத்துவோம். ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா நாட்டு ஜெயில்களில் அதைக் கொண்டே அடுப்பு எரித்துக் காட்டினார்கள்!

அதுபற்றிய விவரம் வருமாறு:-

ருவாண்டாவில் 1994-ம் ஆண்டு இனப்படுகொலை நடந்தது. சுமார் 8 லட்சம் பேர் கொன்று குவிக்கப்பட்டனர். அந்த வழக்குகளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். ஜெயில்களில் கால் வைக்கக்கூட இடம் இல்லை.

இத்தனை பேருக்கும் சமைக்க விறகு மலைபோல் தேவைப்பட்டது. அதற்காக மரங்கள் வெட்டப்பட்டன. கக்கூஸ் கழிவோ வெளியே வழிந்து ஓடியது. ஊரே நாறியது.

பூமிக்குள் தொட்டி

கிகாலி நகர தொழில்நுட்பக் கல்வி நிலைய என்ஜினீயர்கள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள்.

பூமிக்கு அடியில், பானையைக் கவிழ்த்தது போல செங்கல் தொட்டி கட்டினார்கள். கைதிகளும் வேலை பழகி, கூட நின்று கட்டினார்கள். காற்றுப் புகாத தொட்டியில் மலம் மக்கி கியாஸ் ஆகும். அது குழாய் வழியாக நேரே சமையல் கட்டுக்குப் போகும்.

2001-ம் ஆண்டு சியாங்குகு ஜெயிலில் முதல் தொட்டி வேலை செய்தது. விறகு சுமார் பாதி மிச்சம்! நாற்றம் போன கசடு, தோட்டத்துக்கு உரம் ஆனது.

இதற்காக அந்த கல்வி நிலையத்துக்கு 2005-ம் ஆண்டு இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது கிடைத்தது.

தொட்டி கட்டப் பழகிய கைதிக்கும் லாபம்தான். வெளியே வந்தால் பிழைக்க, கையில் ஒரு தொழில்!