எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம்: சென்சரி ஃப்ரெண்ட்லி காட்சிகள் எப்படி நடக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோட், சினிமா டிக்கெட் வாங்குறதையே நிறுத்திட்ட குடும்பங்களைப் பற்றியது. காசு இல்லாம நிறுத்தினவங்க இல்ல. ஆட்டிசம் இருக்கிற மகளையோ, அறிவுசார் குறைபாடு இருக்கிற தம்பியையோ தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பத்தாவது நிமிஷத்துல முன் சீட்டுல இருந்து ஒருத்தர் திரும்பி முறைக்கிறார். இருபதாவது நிமிஷத்துல குடும்பமே வெளியே வந்துடுது. ரெண்டு தடவை இப்படி ஆனா, மூணாவது தடவை யாரும் கிளம்ப மாட்டாங்க. அப்புறம் கச்சேரி, பொருட்காட்சி, சொந்தக்காரங்க கல்யாணம்னு ஒவ்வொண்ணா நின்னு போகும்.

இதுக்கு ஒரு தீர்வா வந்ததுதான் 'சென்சரி ஃப்ரெண்ட்லி' காட்சிகள், அதாவது புலன்களுக்கு இதமான காட்சிகள். நாடக உலகத்துல 'ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ்'னு சொல்றாங்க. பலர் இதை "சத்தத்தைக் குறைச்சு வைக்கிற ஷோ"னு மட்டும் நினைக்கிறாங்க. அது பாதிதான். மீதிப் பாதி என்னன்னு பார்ப்போம்.

முதல்ல, புலன்கள்

ஆட்டிசம் இருக்கிற பலருக்கு ஒலி, ஒளி, தொடுதல், வாசனை இதெல்லாம் மத்தவங்களுக்கு வர்ற அதே அளவுல வர்றதில்ல. சிலருக்கு ரொம்ப அதிகமா வரும், சிலருக்கு ரொம்பக் குறைவா வரும். ஒரே ஆளுக்கே ஒலி அதிகமாவும், தொடுதல் குறைவாவும் இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, இந்தப் புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்கள்ல ஒண்ணா சேர்த்தது. அதனால இதைப் பிள்ளையோட 'அடம்'னு தள்ளிட முடியாது.

இப்போ தியேட்டரை யோசிங்க. திடீர்னு இருட்டு. அடுத்த நொடி விளம்பரத்தோட அலறல். சப்-வூஃபர்ல சீட்டே அதிருது. ஏசி குளிர், பாப்கார்ன் வாசனை, பக்கத்து சீட்டுக்காரர் முழங்கை. இதையெல்லாம் மூளை தானா வடிகட்டிடும்னு நம்பித்தான் தியேட்டரையே கட்டியிருக்கோம். வடிகட்டி வேற மாதிரி வேலை செய்றவங்களுக்கு, காதைப் பொத்திக்கிறதும் எழுந்து ஓடுறதும்தான் கையில இருக்கிற வழி.

சத்தத்தைக் குறைக்க எவ்வளவு செலவாகும்?

இன்ஜினியரா எனக்குப் பிடிச்ச பகுதி இது. சினிமா ஒலிக்கு ஒரு தர அளவு இருக்கு. டால்பி ப்ராசஸர்ல ஃபேடர் 7-ல் இருந்தா, திரைக்குப் பின்னால இருக்கிற ஒவ்வொரு சேனலும் 85 டெசிபல் அளவுக்குச் சரி செய்யப்பட்டிருக்கும். படத்தோட உச்சக் காட்சிகள்ல ஒரு சேனல் 105 டெசிபல் வரைக்கும் போகலாம். ஃபேடர்ல 4-க்கும் 10-க்கும் நடுவுல ஒவ்வொரு எண்ணும் சுமார் 3.3 டெசிபல். ஆக 7-ல் இருந்து 4-க்கு இறக்கினா 10 டெசிபல் குறையும். டெசிபல் மடக்கை அளவு. 10 குறைஞ்சா ஒலியோட ஆற்றல் பத்துல ஒரு பங்கு ஆகுது, நம்ம காதுக்கோ கிட்டத்தட்ட பாதிச் சத்தம் மாதிரி தெரியும்.

அதாவது புது மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். ப்ரொஜெக்டர் ரூம்ல ஒருத்தர் ஒரு குமிழைத் திருப்பினா போதும். விளக்குகளை முழுசா அணைக்காம மங்கலா விடறதும் அப்படித்தான். அமெரிக்காவின் ஏஎம்சி தியேட்டர் நிறுவனம் ஆட்டிசம் சொசைட்டி அமைப்போடு சேர்ந்து 2007-ல் இந்தக் காட்சிகளை ஆரம்பிச்சபோது செஞ்சது இதைத்தான்: ஒலியைக் குறை, விளக்கைக் கொஞ்சம் ஏத்து. கூடவே ஒரு அறிவிப்பு: பார்வையாளர்கள் எழலாம், நடக்கலாம், ஆடலாம், பாடலாம், கத்தலாம்.

அந்த அறிவிப்புதான் நான் ஆரம்பத்துல சொன்ன மீதிப் பாதி.

பிராட்வேயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

2011 அக்டோபர் 2. நியூயார்க் பிராட்வேயில 'தி லயன் கிங்' இசை நாடகம், ஆட்டிசம் இருக்கிறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும்னு தனியா நடந்தது. பிராட்வே வரலாற்றுல இப்படி ஒரு காட்சி அதுதான் முதல் முறை. தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட்ங்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு அந்தக் காட்சியோட இருக்கைகளை மொத்தமா வாங்கி, குடும்பங்களுக்குக் குறைஞ்ச விலைக்குக் கொடுத்தது.

நாடகத்துல மாத்தினது ரொம்பக் கொஞ்சம். காதைப் பிளக்கிற சில இடங்கள்ல ஒலியைக் குறைச்சாங்க. கண்ணுல அடிக்கிற ஸ்ட்ரோப் விளக்குகளை நிறுத்தினாங்க. கதை, பாட்டு, நடிப்பு எல்லாம் அப்படியே. பெரிய மாற்றம் மேடைக்கு வெளியே நடந்தது. லாபியில அமைதியா இருக்க ஒரு இடம், விளையாட ஒரு இடம், ஆட்டிசம் பற்றித் தெரிஞ்ச தன்னார்வலர்கள். வேணும்னா வெளியே போகலாம், மறுபடி உள்ளே வரலாம்.

இன்னொண்ணு, முன்கூட்டியே கொடுத்த தகவல். 'சோஷியல் ஸ்டோரி'ன்னு ஒரு முறை இருக்கு. அமெரிக்காவைச் சேர்ந்த கேரல் கிரே என்ற ஆசிரியர் 1990-களின் தொடக்கத்துல உருவாக்கினது. "நான் ஒரு பெரிய கட்டடத்துக்குப் போவேன். வாசல்ல ஒருத்தர் டிக்கெட்டைப் பார்ப்பார். அப்புறம் விளக்கு மங்கும். சத்தம் அதிகமா இருந்தா நான் காதைப் பொத்திக்கலாம்" – இந்த மாதிரி, படங்களோட, சின்ன வாக்கியங்கள்ல. வீட்டுலயே நாலு தடவை படிச்சுட்டு வந்த பிள்ளைக்கு அந்த இடம் புதுசா தெரியாது. இருட்டு அதே இருட்டுதான், ஆனா எப்போ வரும்னு தெரிஞ்ச இருட்டு.

தனி ஷோ போதுமா?

இங்கதான் சிக்கல். மாசத்துல ஒரு காலைக் காட்சி, அதுவும் குழந்தைகள் படம். முப்பது வயசு ஆட்டிசக்காரர் எங்கே போவார்? ஏஎம்சி பிற்பாடு பெரியவங்களுக்கான படங்களையும் மாலை நேரத்துல சேர்த்தது. இருந்தாலும் "உங்களுக்குன்னு ஒரு நாள் இருக்கே, அன்னைக்கு வாங்க"ன்னு சொல்றது ஒரு வகையில வாசலை மறுபடி மூடுறதுதான்.

2015 செப்டம்பர்ல நியூயார்க் லிங்கன் சென்டர்ல 'தி கிங் அண்ட் ஐ' நாடகம். சாதாரணக் காட்சி. ஆட்டிசம் இருக்கிற ஒரு குழந்தை நடுவுல கத்த, பார்வையாளர்கள் சிலர் அந்தத் தாயைக் கண்டிச்சாங்க. மேடையில நடிச்சுட்டு இருந்த கெல்வின் மூன் லோ அன்னைக்கே ஃபேஸ்புக்ல எழுதினார். அவர் நின்னது தாயோட பக்கம். நாடகம் குடும்பங்களுக்கானதுன்னா அந்தக் குடும்பமும் அதுல அடக்கம்ங்கிறதுதான் அவர் சொன்னதோட சாரம். அந்தப் பதிவு பல ஆயிரம் பேரால பகிரப்பட்டது.

பிரிட்டன்ல ஜெஸ் தாம் என்ற கலைஞருக்கு டூரெட் நோய்க்குறி. தன்னை அறியாம வார்த்தைகள் வாயில வந்துடும். 2011-ல் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில மத்தவங்க புகார் சொல்ல, அவங்களை சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ற கூண்டுக்குள்ள போய் இருக்கச் சொன்னாங்க. யாரும் தன்னை எழுப்பிவிட முடியாத ஒரே இடம் மேடைதான்னு முடிவு பண்ணி, 2014-ல் 'பேக்ஸ்டேஜ் இன் பிஸ்கட் லேண்ட்' நாடகத்தோட எடின்பரா விழாவுக்கு வந்தாங்க. அதோட எல்லாக் காட்சியுமே ரிலாக்ஸ்டு காட்சி. 2020-ல் லண்டன் பாட்டர்சீ ஆர்ட்ஸ் சென்டர், முழு அரங்கத்தையும் இப்படி நடத்துறதா அறிவிச்சது. சாஃப்ட்வேர்ல ஒரு அம்சத்தை செட்டிங்ஸ் ஓரத்துல ஒளிச்சு வைக்கிறதுக்கும், அதையே டிஃபால்ட் ஆக்குறதுக்கும் இருக்கிற வித்தியாசம் இது.

நம்ம ஊர்ல?

சட்டம் இருக்கு. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோட 30-வது பிரிவு கலை, பொழுதுபோக்கு, விளையாட்டு பற்றியது. இந்தியா 2007-ல் அதை ஏற்றது. நம்ம 2016 சட்டத்தோட 29-வது பிரிவும் கலை, பொழுதுபோக்கு உரிமையைச் சொல்லுது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் அந்தச் சட்டத்துல அடங்கும். 2024 மார்ச்ல மத்திய அரசு சினிமா தியேட்டர்களுக்கு அணுகல் வழிகாட்டுதல் வெளியிட்டது, நல்ல விஷயம். ஆனா அது கேட்கும் திறன், பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்கானது. சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்க முடியாதவங்க அதுக்கு வெளியே நிக்கிறாங்க.

பழக்கமும் நமக்குப் புதுசு இல்ல. முதல் நாள் முதல் ஷோவுல விசில் அடிக்கலாம், திரை முன்னாடி போய் ஆடலாம். மார்கழி சபாவுல தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் கேன்டீனுக்கு எழுந்து போற மாமாக்களை யாரும் தடுக்கிறதில்ல. எழுந்து நடக்கவும் சத்தம் போடவும் நாம ஏற்கெனவே அனுமதி கொடுத்துட்டோம். கையை உதறிக்கிட்டு 'ம்ம்ம்'னு முனகுற ஒரு பையனுக்கு மட்டும்தான் இன்னும் கொடுக்கல.

நீங்க அப்பார்ட்மென்ட் விழாவோ, காலேஜ் கல்ச்சுரல்ஸோ, ஆஃபீஸ் ஃபேமிலி டேயோ நடத்துறவரா இருந்தா, அடுத்த தடவை நாலு வேலை செய்யுங்க. ஸ்பீக்கர்ல இருந்து தள்ளி கொஞ்சம் சீட் ஒதுக்குங்க. ஒரு ரூமைக் காலியா, அமைதியா வைங்க. என்ன நடக்கும், எப்போ சத்தம் வரும்னு ரெண்டு நாள் முன்னாடி படத்தோட வாட்ஸ்ஆப்ல அனுப்புங்க. மைக்ல ஒரு வரி சொல்லுங்க: "இங்க எழுந்து நடக்கலாம், சத்தம் வந்தாலும் பரவாயில்ல." முன் சீட்டுக்காரர் திரும்பி முறைக்காம இருக்க வைக்கிறது அந்தக் கடைசி வரிதான். அதை மட்டும் விட்டுடாதீங்க.

இப்படி ஏதாவது நடத்திப் பார்த்திருந்தா எழுதுங்க, இன்னொரு எபிசோட்ல பேசுவோம்.