இராணுவ அடிப்படைப் பயிற்சி: தலைமுறைகளின் ஒப்பீடு

இராணுவ அடிப்படைப் பயிற்சி என்பது படையில் புதிதாகச் சேர்ந்த ஒருவரைப் படைவீரராக உருவாக்கும் முதற்கட்டப் பயிற்சியாகும். கவாத்து, உடற்பயிற்சி, ஆயுதப் பயிற்சி, களப்பயிற்சி, வரைபடம் படித்தல், முதலுதவி ஆகியவை இதன் முக்கியப் பாடங்கள். "எங்கள் காலத்துப் பயிற்சிதான் பயிற்சி" என்று ஓய்வுபெற்ற வீரர்கள் சொல்வதுண்டு. ஆனால் முன்பு கடினம், இப்போது எளிது என்று ஒரு வரியில் இதை முடித்துவிட இயலாது. ஆயுதம், போர்முறை, சேரும் இளைஞரின் கல்வி, பணிக்காலம் ஆகிய நான்கும் தலைமுறைதோறும் மாறின. அவற்றுக்கேற்பப் பயிற்சியும் மாறியது.

ஓசூர் - கிருஷ்ணகிரி பகுதியும் பயிற்சி மையங்களும்

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், பெங்களூரு அல்சூர் ஏரிப் பகுதியில், மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் உள்ளது. இப்படைப்பிரிவு 1780 செப்டம்பர் 30 அன்று தொடங்கப்பட்டது. காலாட்படையான மதராஸ் ரெஜிமென்டின் மையம் 1947 முதல் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இயங்குகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் கோயம்புத்தூர் இராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. தரைப்படையில் சேரும் இப்பகுதி இளைஞர்களுள் பலர் இந்த இரு மையங்களில் ஒன்றில் பயிற்சி பெறுகின்றனர்.

இப்பகுதிக்கும் படைக்கும் உள்ள தொடர்பு பழையது. மைசூர்ப் போர்களின் விளைவாகப் பாராமகால் 1792-இலும், ஓசூர்ப் பகுதி 1799-இலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தன. ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள கால்நடைப் பண்ணை, 1824-இல் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டதாகும்.

கம்பெனிப் படைக் காலம்

அக்காலச் சிப்பாயின் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் குழாய் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுச் சுட வேண்டும். குறியும் தொலைவுக்குப் பிடிக்காது. எனவே வீரர்கள் வரிசையாக நின்று, ஆணை கேட்டதும் ஒரே நேரத்தில் சுட்டனர். வரிசை குலையாமல் நடப்பதும் திரும்புவதும் சுடுவதுமே அன்றைய போர்முறை. ஆகவே கவாத்துதான் பயிற்சியின் பெரும்பகுதி.

ஒழுங்கு என்ற பெயரில் எதையும் திணித்துவிட முடியாது என்பதையும் இக்காலம் காட்டியது. புதிய தலைப்பாகை, சமயக்குறிகளுக்கும் காதணிக்கும் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு ஆகிய ஆணைகள் 1806 ஜூலை 10 அன்று வெடித்த வேலூர்ப் புரட்சிக்கு முக்கியக் காரணங்களாயின. பின்னர் அந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன.

உலகப் போர்களின் காலம்

"போர்க்குடிகள்" என்ற ஆங்கிலேயக் கொள்கையால் தென்னிந்தியருக்குப் படையில் வாய்ப்புக் குறைந்தது. 1920-களில் சென்னை மாகாணக் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. மதராஸ் சாப்பர்ஸ் மட்டும் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவை பெருகியதும் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் திரட்டப்பட்டது. 1939-இல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்தியப் படை, 1945-இல் 25 லட்சத்துக்கு மேல் வளர்ந்தது.

அன்று சேர்ந்தவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். துப்பாக்கியோடு எழுத்தும் கற்பிக்க வேண்டியிருந்தது. ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட உருதுவே படையின் பொதுமொழி. ஆயுதம் .303 என்ஃபீல்டு துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழ்ப்பை இழுத்துத் தள்ள வேண்டும் என்பதால், குறி தவறாமல் சுடுவதற்குப் பயிற்சியில் முதன்மை தரப்பட்டது.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின் கவாத்து ஆணைகள் இந்திக்கு மாறின. "அட்டென்ஷன்" என்பது "சாவ்தான்" ஆயிற்று. பயிற்சியாளர் இன்றும் "உஸ்தாத்" என்றே அழைக்கப்படுகிறார். ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவற்றைக் கேட்டு வளரும் ஓசூர் இளைஞருக்குப் பலமொழிச் சூழல் புதிதன்று. எனினும் இந்தியைப் பெரும்பாலும் மையத்தில்தான் கற்க வேண்டியிருக்கிறது.

1962 சீனப் போர், ஆயுதத்திலும் மலைப்போர்ப் பயிற்சியிலும் இருந்த குறைகளை வெளிப்படுத்தியது. அதன்பின் மலைப் படைப்பிரிவுகள் பெருகின; .303-க்குப் பதில் தானாகக் குண்டு ஏறும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி வந்தது. 1990-களின் பிற்பகுதியில் இன்சாஸ் வந்தது. அண்மைக் காலத்தில் சிக் 716, ஏகே 203 ஆகியவை சேர்ந்துள்ளன. துப்பாக்கி மாறும்போதெல்லாம் கழற்றிப் பூட்டுதல், பராமரித்தல், சுடும் முறை ஆகிய பாடங்களும் மாறின. காஷ்மீர், வடகிழக்கு மாநிலப் பணிகளால், பொதுமக்களிடையே ஆயுதத்தை எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதும் பயிற்சியின் பகுதியானது.

பெண்களும் இப்போது வீரர்களாகச் சேர்கின்றனர். பெங்களூரிலுள்ள இராணுவக் காவல் படை மையத்தில் 61 வாரப் பயிற்சி முடித்த 83 பெண்கள், 2021 மே 8 அன்று முதல் அணியாகப் படையில் இணைந்தனர்.

அக்னிபாத் காலம்

2022 ஜூன் 14 அன்று அக்னிபாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இதன்படி பணிக்காலம், பயிற்சியையும் சேர்த்து, 4 ஆண்டுகள். பின்னர் 25 விழுக்காட்டினர் வரை நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். மற்றவர்கள் சேவா நிதித் தொகையுடன் வெளியேறுவர்; அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முன்பு ஓய்வூதியம் பெற 15 ஆண்டு பணி தேவைப்பட்டது.

முன்பு காலாட்படை வீரருக்கு ஏறத்தாழ 9 மாதங்கள் நடந்த பயிற்சி, இப்போது சுமார் 6 மாதங்களாகச் சுருங்கியுள்ளது. தொழில்நுட்பப் பிரிவுகளில் இது சற்றுக் கூடுதல். இந்தக் குறைவு போதுமா என்பது ஓய்வுபெற்ற தளபதிகளிடையே விவாதத்துக்குரியதாகவே உள்ளது. போதும் என்போர், இன்றைய வீரர் பத்தாம் வகுப்பு முடித்து, எழுத்துத் தேர்வில் வென்று வருவதைச் சுட்டுகின்றனர். போதாது என்போர், குழுவாக இயங்கும் பழக்கம் ஊறுவதற்குக் காலம் வேண்டும் என்கின்றனர்.

இங்கு ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 15 ஆண்டுப் பணியில் 9 மாதம் என்பது இருபதில் ஒரு பங்கு. 4 ஆண்டுப் பணியில் 6 மாதம் என்பது எட்டில் ஒரு பங்கு. பயிற்சி நாள்கள் குறைந்திருந்தாலும், பணிக்காலத்தில் அவற்றின் பங்கு இரு மடங்குக்கு மேல் கூடியுள்ளது. பயிற்சியில் விட்டதைப் பிரிவுக்குச் சென்றபின் மெல்லக் கற்றுக்கொள்ளும் அவகாசம் பழைய வீரருக்கு இருந்தது. அக்னிவீரருக்கு அது குறைவு.

மாறாத கூறுகள்

- விடியலுக்கு முன் எழுதல், ஓட்டம், கயிறு ஏறுதல், சுமையுடன் நெடுந்தூர நடை.
- போர்க்களத் தேவை போனபின்னும் கவாத்து. ஆணையைக் கேட்டதும் குழுவாக இயங்கும் பழக்கத்துக்காக இது தொடர்கிறது.
- சாதி, மதம், ஊர் வேறுபாடின்றி ஒரே கூடத்தில் தங்கி, ஒரே பந்தியில் உண்ணுதல்.
- பயிற்சி நிறைவில் உறுதிமொழி ஏற்கும் "கசம் பரேடு". பெற்றோர் கண்டு மகிழும் நாளும் இதுவே.

சாப்பர்ஸ் பிரிவில் பாலம் அமைத்தல், கண்ணிவெடி அகற்றல், தடை தகர்த்தல் ஆகியவை தலைமுறைகளாகத் தொடரும் பாடங்கள். முள்கம்பி வேலியைத் தகர்க்கும் "பெங்களூர் டார்பிடோ" 1912-இல் இப்பிரிவில்தான் உருவாக்கப்பட்டது.

இப்பகுதி இளைஞர்கள் கருத வேண்டியவை

ஓசூர், சூளகிரி பகுதிகளில் பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்தவருக்குத் தொழிற்சாலை வேலை என்ற மாற்று வழி அருகிலேயே உள்ளது. முந்தைய தலைமுறையில் படையில் சேர்ந்தவர் ஓய்வூதியத்துடன் திரும்பினார். இன்று சேர்பவர், நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால், 21 முதல் 25 வயதுக்குள் மீண்டும் வேலை தேட வேண்டும். எனவே சேருமுன் பின்வருவனவற்றை அறிந்திருப்பது நன்று.

முதலாவதாக, உடல் தயாரிப்பு. 1.6 கி.மீ. ஓட்டத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். 10 முறை கம்பியைப் பிடித்துத் தொங்கி மேலெழுவதற்கும் முழு மதிப்பெண் உண்டு. இவை ஒரு மாதத்தில் வருபவை அல்ல. இரண்டாவதாக, பிரிவு. சாப்பர்ஸ் போன்ற பிரிவுகளில் கற்கும் மின்பணி, குழாய்ப்பணி, தச்சு, கனரக வாகனம் இயக்குதல் ஆகியவை வெளியிலும் பயன்படும். மூன்றாவதாக, கல்வி. பத்தாம் வகுப்புத் தகுதியுடன் சேர்ந்த அக்னிவீரர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறவும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் பெறவும் ஏற்பாடுகள் அறிவிக்கப்பட்டுள்ளன. பணியில் இருக்கும்போதே இவற்றை முடித்துக்கொள்பவருக்கு, நான்காம் ஆண்டின் முடிவில் கையில் தொகையோடு சான்றிதழும் இருக்கும்.