மயக்கத்தின் வரலாறு – 9: சிரித்துக்கொண்டே சொன்ன கதைகள்

1943-இல் எல்.எஸ்.டி.யை விழுங்கிவிட்டு, பாசல் நகரத் தெருவில் சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்த ஆல்பர்ட் ஹாஃப்மனைப் போன வாரம் பார்த்தோம். அவர் விழுங்கியது ஆராய்ச்சிக்காக. இந்த வாரம், ஜாலிக்காக விழுங்கியவர்கள்.

2020 மே 11. ஊரடங்கில் உலகம் வீட்டுக்குள் கிடந்தபோது நெட்ஃப்ளிக்ஸில் வந்தது ‘ஹேவ் எ குட் ட்ரிப்’ ஆவணப்படம். இயக்கியவர் டானிக் கேரி; ‘சிம்சன்ஸ்’ கார்ட்டூன் தொடருக்கு எழுதியவர். பிரபலங்கள் கேமரா முன் உட்கார்ந்து தங்கள் ‘ட்ரிப்’ அனுபவங்களை, அதாவது மயக்கத்தில் கண்டதையும் பட்டதையும், சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல அவை கார்ட்டூனாகவும் நாடகமாகவும் விரிகின்றன. நடுநடுவே, அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிய புத்திமதி நாடகங்களுக்கு நக்கல்.

பாடகர் ஸ்டிங் பெயோட்டி கள்ளியின் மயக்கத்தில் இருந்த நேரம் பார்த்து அவர் பண்ணையில் ஒரு பசுவுக்குப் பிரசவ வேதனை. கன்றை வெளியே எடுக்க இவரும் கைகொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கதைக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். நடிகர் பென் ஸ்டில்லரோ பயந்துபோய் அப்பா அம்மாவுக்கு போன் போட்டவர். படம் வெளியான அதே நாளில் அவர் அப்பா ஜெர்ரி ஸ்டில்லர் காலமானார். அதற்குப் பிறகு அந்த போன் கதை வெறும் சிரிப்புக் கதையாக இல்லை.

விமர்சகர்கள் இரண்டு பட்டார்கள். ஊரடங்குச் சலிப்புக்கு நல்ல மருந்து என்றனர் சிலர். மேலோட்டமானது, ஆபத்தை மறைக்கிறது என்றனர் வேறு சிலர். மனச்சோர்வுக்கும், சாவை எதிர்நோக்கும் நோயாளிகளின் பதற்றத்துக்கும் மயக்கம் தரும் காளானிலிருந்து வரும் மருந்து உதவுமா என்று ஆய்வுகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. படத்தில் மனநல மருத்துவர் சார்லஸ் குரோப் வருகிறார்; ஆனால் கோமாளிகளுக்கு நடுவே அவர் பேச்சு எடுபடவில்லை. அடுத்தவர் கண்ட கனவை ஒன்றரை மணி நேரம் கேட்பது அலுப்பு என்பதும் உண்மைதான்.

ஆனாலும் ‘சிரித்தது தப்பு’ என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. மயக்கத்தில் வண்டி ஓட்டாதே என்பதைப் புத்திமதி நாடகத்தைவிட இந்தக் கேலி அழுத்தமாகவே சொல்கிறது. எனக்கு உறுத்தியது வேறொன்று.

சமையல்காரரும் எழுத்தாளருமான ஆன்டனி போர்டெய்ன் ஒரு கதை சொல்கிறார். இளவயதில் நண்பனோடு காரில் போகும்போது வழியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொள்கிறார்கள். விடுதி அறையில் போதை மிஞ்சி அவள் சரிந்து விழ, செத்துவிட்டாள் என்றே நினைத்து இருவரும் நடுங்குகிறார்கள். பிறகு அவள் எழுந்துகொள்கிறாள். போர்டெய்ன் அபாரமான கதைசொல்லி, நாமும் சிரித்துவிடுகிறோம். படம் வருவதற்குள் அவரே போய்விட்டார், 2018-இல். கேமரா முன் உட்கார்ந்த கேரி ஃபிஷரும் 2016-இல் போய்விட்டார்.

படத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் மயக்கத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அதிலும் பேர் பெற்றவர்கள். அந்த விடுதி அறையில் விழுந்து கிடந்த பெண்ணும் திரும்பி வந்தவள்தான். அவளிடம் யாரும் கேமராவைக் கொண்டுபோகவில்லை.

(தொடரும்)