வழி வேறு, இடம் வேறு

போனில் ஊர்ப் பெயரைத் தட்டினால் நீலக் கோடு ஒன்று விழுகிறது. குரல் சொல்கிற பக்கம் திரும்பித் திரும்பிப் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இதற்குப் பிறகும் காகித வரைபடம் எதற்கு என்று கேட்டால், சிக்னல் கிடைக்காத இடத்தில் உதவும் என்பார்கள். அந்தப் பதிலில் வலு இல்லை. மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் டவர் இல்லாத காட்டிலும் போன் வழி காட்டும். உண்மையான காரணம் வேறு. எப்படிப் போவது என்ற கேள்விக்குப் போன் நன்றாகவே பதில் சொல்கிறது. எங்கே இருக்கிறோம், சுற்றி என்ன இருக்கிறது என்ற கேள்வி நமக்குள் எழவே அது இடம் கொடுப்பதில்லை.

ஜப்பானில் தோரு இஷிகாவா குழுவினர் சிலரிடம் ஜிபிஎஸ் கருவியையும் சிலரிடம் காகித வரைபடத்தையும் கொடுத்து நகரத்துக்குள் நடக்கவிட்டார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, கருவி வைத்திருந்தவர்களே அதிக தூரம் நடந்தார்கள். அதிக முறை நின்று நின்று போனார்கள். அன்றைய கருவி இன்றைய போனைவிட மட்டமானது என்று ஆட்சேபிக்கலாம், நியாயம்தான். ஆனால் 2020இல் கனடாவின் லூயிசா தஹ்மானியும் வெரோனிக் போபோவும் வெளியிட்ட ஆய்விலும், ஜிபிஎஸ்ஸை நெடுங்காலம் நம்பியவர்களுக்கு, அது இல்லாமல் வழி கண்டுபிடிக்க நேர்ந்தபோது இட நினைவு குறைவாகவே இருந்தது. அவர்களில் 13 பேரை மூன்றாண்டு கழித்து மறுபடி சோதித்தபோது, அதிகம் பயன்படுத்தியவர்களிடம் சரிவும் அதிகம். 13 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இரண்டு ஆய்வும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பதைக் கவனிக்காமலும் இருக்க முடியாது.

தாளில் அப்படி என்ன இருக்கிறது? சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட் ஒன்றை விரித்துப் பார்க்கலாம். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். வற்றாத நீர் நீலம், கோடையில் காயும் ஓடை கருப்பு, காடு பச்சை, பயிர் நிலம் மஞ்சள், ஊரும் சாலையும் சிவப்பு. பழுப்புக் கோடுகள் உயரத்தைக் காட்டுபவை. நெருங்கி வந்தால் செங்குத்துச் சரிவு, விலகினால் சமதரை. ஏரிக்கரை ஓரத்தில் '4r' என்று இருந்தால், அந்தக் கரை பக்கத்துத் தரையைவிட நான்கு மீட்டர் உயரம். மழைத் தண்ணீர் எந்த மேட்டில் இறங்கி, எந்த ஓடை வழியாக, எந்த ஏரிக்கு வருகிறது என்பதை விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். போக வேண்டிய இடத்தை மட்டும் தேடுகிறவர் கண்ணில் இவை எதுவும் படாது.

போனிலும்தான் மேப் இருக்கிறது, விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பகுதியில் ஒரு டோப்போ ஷீட் நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 27 கிலோமீட்டரை அடக்குகிறது. அதே அளவில் ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள போன் திரையில் மூன்றரை கிலோமீட்டர்தான் தெரியும். இன்னும் பரப்பைக் காட்டச் சுருக்கினால் ஓடையும் ஊர்ப் பெயரும் மறைந்துபோகும்; விவரம் வேண்டுமென்று பெரிதாக்கினால் சுற்றுப்புறம் போய்விடும். இரண்டையும் ஒரே பார்வையில் தருவது அகலமான தாள்தான்.

காகிதம் பழசாகிவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். புதிய புறவழிச்சாலை அதில் இருக்காது, உண்மை. ஆனால் பழைய வரைபடம் சாட்சியும்கூட. 1920களில் சென்னையின் தியாகராய நகர் உருவானது மாம்பலம் ஏரிப் படுகையில். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். லேக் வியூ ரோடு, டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் ஏன் தேங்கியது என்று யோசிப்பவருக்கு இன்றைய போன் மேப்பில் கடைகளும் ஹோட்டல்களும்தான் கிடைக்கும். ஏரியைப் பார்க்கப் பழைய தாளைத்தான் எடுக்க வேண்டும்.

டெலிவரி வேலை செய்பவரிடமோ, இரவில் தெரியாத ஊரில் தனியாக ஆட்டோவில் போகும் பெண்ணிடமோ தாளை நீட்ட யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குப் போன் பிழைப்பு, பாதுகாப்பு. தாள் வேண்டியது வேறு இடங்களில். சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் 1:50,000 தாள்களைப் பிடிஎஃப்பாக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கட்டட பிளான் அச்சடிக்கும் கடையில் முழு அளவில் அச்சிட்டு, ஊர்ப் பள்ளியின் புவியியல் வகுப்பில் ஒன்று, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்று மாட்டலாம். கிராம சபையில் ஏரி தூர்வாருவது பற்றிப் பேச்சு வரும்போது, வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, நடுவில் எந்த இடத்தில் மேடு எழுந்திருக்கிறது என்று பத்துப் பேர் சேர்ந்து நின்று ஒரே தாளைப் பார்த்துப் பேச முடியும்.