என் அம்மா கைநாட்டு இல்லை ஸார்!

அம்மா கல்யாணத்துக்கு அப்புறம்தான் எழுதக் கற்றுக்கொண்டாள். ரேஷன் கடையில் யாராவது மை டப்பாவை நீட்டினால் போச்சு. பேனாவை வெடுக்கென்று வாங்கி முழுப் பெயரையும் எழுதிவிட்டுத்தான் சர்க்கரையை வாங்குவாள்.

அப்படிப்பட்டவளை 2009-ல், அண்ணனைப் பார்க்க அமெரிக்கா அழைத்துப் போனேன். விமான நிலைய இமிகிரேஷன் கவுன்ட்டரில் முதல் வார்த்தையே, "வலது கை நாலு விரலையும் கண்ணாடி மேலே வைக்கச் சொல்லுங்க."

"ஏண்டா, எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே. சொல்லேன் அவர்கிட்டே!"

சொல்லிப் பிரயோஜனமில்லை. 2004 ஜனவரியில் இரண்டு ஆள்காட்டி விரல்களோடு ஆரம்பித்தவர்கள், 2007 கடைசியிலிருந்து பத்து விரலும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். 79 வயசைத் தாண்டினால் விலக்கு உண்டு. அம்மாவுக்கு அப்போது 60. இருபது வருஷம் க்யூவில் நிற்க முடியுமா?

வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. "அழுத்தச் சொல்லுங்க" என்றார் ஆபீஸர். அம்மியை அழுத்துகிற மாதிரி அழுத்தினாள். அதுவும் தப்பாம்!

மெஷின் தேடுவது விரலின் மேடு பள்ளத்தை. மேடு கண்ணாடியில் படணும், பள்ளம் படக்கூடாது. தோல் காய்ந்திருந்தால் கோடு விட்டுவிட்டு விழும். ஓவராக அழுத்தினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே மசி. நாற்பது வருஷம் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரலில் மேடு எங்கே மிச்சம்? விமானத்தின் வறண்ட காற்று வேறு. கவுன்ட்டரோ அம்மாவின் மார்பு உயரம். மணிக்கட்டை மடக்கிக்கொண்டு எம்பி நின்றாள். (இந்தக் கருவியை எந்த உயரத்தில் வைத்தால் ஜனங்களுக்குச் சௌகரியம் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே ஆட்களை வைத்துச் சோதித்திருக்கிறது. ஆராய்ச்சி பண்ணினவர்கள் எங்கம்மாவை ஒரு தடவை அளந்திருக்கலாம்!)

பின்னால் க்யூ முனகியது. அம்மாவின் கண்ணில் தண்ணீர். "நான் என்ன திருடியாடா?"

ஆபீஸர் நல்ல மனுஷர். விரலை நெற்றியில் தேய்த்துக்கொள்ளும்படி ஜாடை காட்டினார். நெற்றி எண்ணெய்ப் பசை ஒட்டினால் கோடு தெரியுமாம். அம்மா தேய்த்தாள். எண்ணெயோடு குங்குமமும் வந்தது. கண்ணாடியெல்லாம் சிவப்பு! அவர் சிரித்தபடி துடைத்தார். அடுத்த தடவை... பச்சை விளக்கு.

இப்போது அங்கே பல கவுன்ட்டர்களில் காமிரா முகத்தைப் பார்த்தே வேலையை முடித்துவிடுகிறது.

நம் ரேஷன் கடைகளுக்கு 2020-ல் விரல் ரேகை மெஷின் வந்தது. அம்மா பேனாவைத் தேடவில்லை. யாரும் சொல்லாமலே விரலை நெற்றியில் ஒரு தேய் தேய்த்துவிட்டு நீட்டினாள்.