காண்டர்ஸ்ஹைம் மடமும் அதை நிறுவிய குடியும்

இடைக்கால ஐரோப்பாவின் அரச குடிகளை அறியப் போர்க்களங்களை மட்டும் நோக்குதல் போதாது; அவை எழுப்பிய மடங்களையும் நோக்குதல் வேண்டும். ஜெர்மனியில் ஹார்ஸ் மலைக்கு மேற்கே உள்ள காண்டர்ஸ்ஹைம் இதற்குச் சிறந்த சான்றாகும்.

சாக்சனிக் கோமான் லியுடால்ஃபும் அவர்தம் துணைவியார் ஓடாவும் உரோமாபுரி சென்று போப்பாண்டவரின் இசைவைப் பெற்று, 852இல் இக்கன்னியர் மடத்தை நிறுவினர். அவர்களுடைய புதல்வியர் ஹாத்துமோதா, கெர்பெர்கா, கிறிஸ்டினா ஆகிய மூவரும் அடுத்தடுத்து அதன் தலைவியராயினர். மறைந்தோர்க்கு இடையறாத வழிபாடு, உயர்குடி மகளிர்க்கு மதிப்புள்ள வாழ்வு, நிலங்கள் சிதறாமல் காக்கும் வழி ஆகிய மூன்றும் ஒரே மடத்தால் கைகூடின. இம்மகளிர் சொத்துரிமையை முற்றிலும் துறந்தவரல்லர் என்பதும் குறிக்கத்தக்கது. 919இல் லியுடால்ஃபின் பேரர் ஹென்றி மன்னரானார். அவர் மகன் ஓட்டோ 962இல் பேரரசராக முடிசூடினார். கோமான் குடி அரச குடியானதும் மடத்தின் பெருமையும் வளர்ந்தது.

அப்பெருமையை எழுத்தில் நிறுத்தியவர் ஒரு பெண்மணி. ஓட்டோவின் உடன்பிறந்தார் மகளான இரண்டாம் கெர்பெர்கா தலைவியாயிருந்த காலத்தில், அவரிடம் பயின்ற ஹ்ரோட்ஸ்விட் இலத்தீனில் எட்டுப் புனிதர் கதைகளையும் ஆறு நாடகங்களையும் இயற்றினார். மடத்தின் தோற்றத்தையும் ஓட்டோவின் செயல்களையும் தனித்தனிக் காவியங்களாகப் பாடினார். புரவலர் குடியை அவர் குறை கூறார். எனவே அவ்வரலாற்றை நாம் விழிப்புடன் படித்தல் நன்று.

அவர்தம் கதைகளுள் ஒன்று மூன்றாம் அப்துர் ரஹ்மான் ஆண்ட குர்துபாவில் நிகழ்கிறது. அந்நகரைச் சேர்ந்த ஒருவர் வாயிலாகவே செய்தியை அறிந்ததாக அவர் எழுதுகிறார். நகரின் கல்விச் சிறப்பையும் செல்வ வளத்தையும் வியந்து போற்றும் அவரே, அங்குள்ள முஸ்லிம்களைச் சிலை வணங்குவோராகத் தீட்டுகிறார்! ஓரிறைக் கொள்கையே இஸ்லாத்தின் அடிப்படை என்னும் செய்தி அம்மடத்தின் மதிலைத் தாண்டவில்லை போலும். இத்தனைக்கும், 953இல் ஓட்டோவின் தூதராகப் புறப்பட்ட யோவான் என்னும் துறவி குர்துபாவில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் காத்திருந்து கலீஃபாவைக் கண்டவர். தூதுவர் நடமாடிய வழியில் அறிவு நடமாடவில்லை.

ஹ்ரோட்ஸ்விட்டின் நூல்கள் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. ரேகன்ஸ்பர்க் மடமொன்றில் கோன்ராட் செல்டிஸ் என்னும் அறிஞர் ஏட்டைக் கண்டெடுத்து, 1501இல் அச்சேற்றினார். காண்டர்ஸ்ஹைம் மடம் 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டு நெறிக்கு மாறி, 1810இல் கலைக்கப்பட்டது. அதன் பழைய தேவாலயம் இன்றும் நிற்கிறது.